கோல் வாசல் மண்

உதில இருக்காதையுங்கோ தம்பி, உந்தக் கதிரை ஈரம். மழை விட்டாலும் இந்தத் தகரக் கூரை ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். இஞ்சால வாங்கோ, நான் பேப்பர் விரிச்சு வைச்சிருக்கிறன். ஓம், தமிழ்தான். நீங்கள் வாசலில டிக்கெட் எடுக்கேக்கயே கண்டிட்டன். எவடம்? நெல்லியடியோ. நான் அளவெட்டி. பேர் குலவீரசிங்கம். இஞ்ச இருக்கிற வெள்ளையளுக்கு அது வாயில வராது, மிஸ்டர் கே எண்டுதான் கூப்பிடுவினம்.

ஆட்டம் பாக்க வந்தனீங்களோ, இல்லாட்டி சனி ஞாயிறில அறைக்குள்ள இருக்க அலுத்துப்போய் வந்தனீங்களோ? எதுக்கெண்டாலும் பரவாயில்லை. ஆனால் நீங்கள் ரீவியில பாக்கிற புட்போல் இல்லை இது. அங்க மேல இருந்து எண்ணிக்கொண்டு இறங்கினால் ஒன்பதாவது படியில நிக்குது இந்தக் கிளப். இதுக்குக் கீழயும் இருக்கினம், பாவங்கள். உதில மொட்டையா ஓடுறவர் கிழமை நாளில தபால்காரர். எங்கட கீப்பர் பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கிறவர். பந்து வாற கோணத்தை அவர் கணக்குப் பாத்து முடிக்க, பந்து உள்ள போய்ப் படுத்திடும்.

ஒண்டை முதலே சொல்லிப்போடுறன். எனக்கு ஆட்டம் தெரியாது. ஓஃப்சைட் எண்டால் என்ன எண்டு என்னட்டைக் கேட்டுப்போடாதையுங்கோ. நாலு வரியமா ஒவ்வொரு சனிக்கிழமையும் வாறன், மழையெண்டும் பாக்கிறேல்லை, பனியெண்டும் பாக்கிறேல்லை. ஆனால் ஆட்டம் பாக்க வாறேல்லை. நான் இந்தக் கோல் வாசலைப் பாக்க வாறனான். எங்களுக்கு நேர முன்னால இருக்கே, இதை. அங்கால இருக்கிற மற்றக் கோலுக்குள்ள ஆனை புகுந்தாலும் எனக்குக் கவலையில்லை.

என்ர மகன் இதுக்குள்ள கிடக்கிறான், தம்பி.

எழும்பாதையுங்கோ, இருங்கோ. புதைச்சதில்லை. சாம்பல். எங்கட பிள்ளையின்ர சாம்பலை உந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவில கொண்டுவந்து தூவிவிட்டவை. ஊர் பேர் தெரியாத சனம் எல்லாம் ஆணி வைச்ச சப்பாத்தோட ஏறி மிதிக்கிற இடத்தில. எங்கட ஆக்கள் கேள்விப்பட்ட விசயமோ இது, சொல்லுங்கோ பாப்பம்.

நிரூபன் எண்டு பேர். ஒரே பிள்ளை. இஞ்சதான் பிறந்தவன். இவங்கள் அவனை ரூ எண்டு கூப்பிட்டவங்கள். ஒரு நல்ல பேரைக் கோயிலில வைச்சு ஐயரைக் கொண்டு காதில ஓதினால், இவங்கள் அதின்ர வாலை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டாங்கள். பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில இருந்து இந்தக் கிளப்புக்கு விளையாடினவன். பேந்து எஞ்சினியராய் வந்தான், நல்ல வேலை, கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு போற வேலை. அதுக்குப் பிறகும் சனிக்கிழமை எண்டால் சேத்துக்குள்ள பிரண்டுபோட்டு எருமைக் கண்டுக்குட்டி மாதிரி வீட்டை வருவான். இதில என்ன வரப்போகுது எண்டு நான் கேக்காத நாளில்லை. சிரிச்சுப்போட்டுப் போயிடுவான். இல்லை, நான் ஒரு நாளும் வந்து பாத்ததில்லை. எப்பிடி வாறது? சனிக்கிழமையில எனக்கு அப்ப பெற்றோல் நிலையத்தில வேலை. மற்ற நாளில ஆடியிருந்தாலும் வந்திருக்க மாட்டன், அது வேற கதை.

பிடியுங்கோ, பிடியுங்கோ. ஆ, கீப்பற்றை கையால நழுவி வெளியால போட்டுது. ஆனைக்கும் அடி சறுக்கும் எண்டுவினம், எங்கட கீப்பருக்கு ஒவ்வொரு கிழமையும் சறுக்கும்.

என்ன சொன்னனான்? ஓம், லோறா, எங்கட மருமகள். இந்தக் கிளப்பில காயம் பட்டால் தண்ணிப் போத்தலும் துவாயும் தூக்கிக்கொண்டு ஓடுற பிள்ளை. அப்பிடி ஓடி ஓடித்தான் இவனுக்கும் பழக்கம். வெள்ளைக்காரப் பிள்ளையெண்டு நான் மறிக்கேல்லை, அதை நீங்கள் எழுதி வைச்சுக்கொள்ளலாம். கோயிலில வைச்சுத்தான் தாலி கட்டினது. என்னை மாமா எண்டும் என்ர மனுசியை மாமி எண்டும் கூப்பிடப் பழகினவள். மனுசிக்குத் தவமலர் எண்டு பேர். அவவுக்கு லோறா எண்டால் உயிர். நானும் நல்ல பிள்ளை எண்டுதான் நினைச்சிருந்தனான், சாம்பல் விசயம் வரும் வரைக்கும்.

அவனுக்கு ரத்தத்தில புற்றுநோய். நாலு வரியத்துக்கு முதல், மாசியில கண்டுபிடிச்சவங்கள், ஐப்பசியில முடிஞ்சுது. நான் ஒரு நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனனான் தம்பி. கஞ்சி காய்ச்சி, துணி சுத்திக் கொண்டு போவன், சூடு ஆறாமல். போய் இருந்தால் நான்தான் கதைப்பன், அவன் கேட்டுக்கொண்டு கிடப்பான். இன்ன டொக்டரைப் பாக்கலாம், இன்ன கோயிலுக்கு நேத்தி வைச்சிருக்கு, எழும்பின உடன உன்னை ஊரில கீரிமலைக் கடலில கொண்டுபோய் முழுக வைக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டே இருப்பன். சாவு எண்டொரு சொல்லை அந்த அறைக்குள்ள நான் எடுக்க விடேல்லை. அவன் ஒண்டு ரெண்டு தரம் "அப்பா, ஒண்டு சொல்ல வேணும்" எண்டு தொடங்கினவன்தான். "விசர்க் கதை கதையாதை, கஞ்சியைக் குடி" எண்டு வாயை அடைச்சுப்போட்டன். பின்ன என்ன? தேப்பன்காரன்தானே தைரியம் குடுக்க வேணும்.

கொள்ளி வைச்சதும் நான்தான். கொள்ளி எங்க, பொத்தான். இஞ்சத்தைச் சுடலையில பொத்தானைத்தானே அமத்திறது. தேப்பன் பிள்ளைக்கு அமத்தினன். அதைப் பற்றி நான் கதைக்கேல்லை.

அது முடிஞ்சு ஒரு கிழமையால லோறா வீட்டுக்கு வந்தாள். சாம்பலை அவளிட்டைத்தான் குடுப்பினம், கட்டின மனுசிதானே. நான் அதுக்கிடையில ஐயரோட கதைச்சு, கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கரைக்க எல்லா ஒழுங்கும் செய்து வைச்சிருக்கிறன். வந்து இருந்தவள் மெல்லமாச் சொல்லுறாள், ரூ தன்னை இந்த மைதானத்தில போடச் சொன்னவர் எண்டு. பாதி இஞ்ச, பாதி உங்களுக்கு எண்டு. பாதியாம்!

நான் எழும்பிட்டன். பிள்ளையைப் பங்கு போடுறதுக்கு இது என்ன, காணித்துண்டோ எண்டு கேட்டன். தந்தால் முழுக்கத் தா, இல்லையெண்டால் ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுக் கதவை அடிச்சுச் சாத்திக்கொண்டு வெளியால போனனான். அவள் அழுதவள், தவமலர் அழுதவ. அழட்டும் எண்டு விட்டிட்டன். அவன் அப்பிடிச் சொன்னதுக்கு என்ன சாட்சி? நான் எத்தினை மாசம் பக்கத்தில இருந்தனான், என்னட்டை ஒரு வார்த்தை சொல்லேல்லையே. அதுக்குப் பிறகு அவளோட நான் முகம் குடுத்துக் கதைச்சதில்லை. இண்டைக்கும் சொல்லுறன், நான் சொன்னதில ஒரு பிழையும் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைத் தர்ப்பையில செய்தம். கையில ஒரு பிடி சாம்பல் இல்லாமல், புல்லை முடிஞ்சு அதைப் பிள்ளையெண்டு வைச்சுச் செய்தம். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு எண்டு சும்மாவோ சொன்னவை.

குளிருதோ? கையைச் சட்டைப் பைக்குள்ள வையுங்கோ. மார்கழியில நாலு மணிக்கே இருண்டிடும், பிறகு லைட் போடுவினம்.

ஏன் இஞ்ச வரத் தொடங்கினனான் எண்டு கேக்கிறியள். முதல் சனிக்கிழமை சண்டை பிடிக்கத்தான் வந்தனான். எப்பிடி மிதிக்கிறாங்கள் எண்டு கண்ணால பாத்திட்டு, ரெண்டு கேள்வி கேக்கலாம் எண்டு. வந்து உதில நிண்டால், கீப்பர் ஒருத்தன், எதிர்ப் பக்கத்துக் கீப்பர், கையுறையைத் தட்டிப்போட்டு நிலத்தில ஒரு துப்புத் துப்பினான் பாருங்கோ. எனக்குத் தலைக்குள்ள என்ன நடந்ததெண்டு தெரியாது. "துப்பாதை!" எண்டு கத்தினன். தமிழில. அந்த நேரத்தில இங்கிலீசு எங்க வருது? அவன் பயந்து திரும்ப, கோர்னரில வந்த பந்து அவன்ர காதடியால உள்ள போட்டுது.

அவ்வளவுதான். இந்தச் சனம் என்னைத் தூக்காத குறை. என்ன சொன்னனீர் மிஸ்டர், என்ன சொன்னனீர் எண்டு பின்னால இருந்து பீற்றர் எண்டு ஒரு கிழவர் கேக்கிறார். பஸ் ஓட்டினவர், நல்ல மனுசன். துப்பாதை எண்டு சொன்னனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது, வெக்கம். அது எங்கட ஊரில வெற்றிக்குச் சொல்லுற மந்திரம் எண்டு சொல்லிப்போட்டன். அண்டையில இருந்து எங்கட பக்கம் கோர்னர் கிடைச்சால் போதும், இந்த முழுச் சனமும் "துப்பாதை, துப்பாதை" எண்டு கத்தும். நீங்கள் கொஞ்சத்தால கேப்பியள், சிரிச்சுப்போடாதையுங்கோ. வேற ஊருக்கு ஆடப் போனாலும் கத்துகினமாம். போன வரியம் என்னைக் கூப்பிட்டுக் கிளப் சால்வையைக் கழுத்தில போட்டு, இவரைப் போல ஒரு ஆதரவாளர் இல்லை எண்டு கதைச்சவை. நான் ஆதரவாளனோ? நான் காவல் நிக்கிறன். அதை இவைக்கு விளங்கப்படுத்த ஏலாது.

ஆனால் இண்டைக்கு நான் வந்தது வேற அலுவலாய்.

இந்த மைதானத்தில இதுதான் கடைசிப் புல் ஆட்டம், தெரியுமோ? திங்கக்கிழமை மிசின் வந்து இந்தப் புல்லையும் மண்ணையும் வழிச்சு அள்ளுது. பிளாஸ்ரிக் புல் போடப் போகினம். மழைக்கு ஆட்டம் நிக்காது எண்டு எல்லாருக்கும் சந்தோசம். அள்ளுற மண் லொறியில எங்கேயோ போகுது. எங்க போகுதெண்டு கேட்டன், றோட்டுப் போடுற இடமோ, வீடு கட்டுற இடமோ, அவைக்கே தெரியாது. என்ர பிள்ளை இனி ஆரோ ஒருத்தரின்ர வீட்டு அத்திவாரத்துக்க கிடக்கப் போறான்.

கிளப் தலைவி ஜூன் எண்டு ஒரு மனுசி, அவவிட்டைப் போய்க் கேட்டன். கோல் வாசலில இருந்து ஒரு டப்பா மண் எனக்குத் தாங்கோ, நான் கொண்டுபோய்க் கடலில கரைக்கிறன் எண்டு. அவ பாவம், கண் கலங்கிட்டா. ஆட்டம் முடிய டெறி வெட்டித் தருவான் எண்டா. டெறிதான் புல்லு வெட்டுறவன், அவன்தான் அண்டைக்குச் சாம்பல் தூவேக்கயும் நிண்டவன், இடம் தெரியும். ஆனால் லோறா ஓம் எண்டு சொல்ல வேணும், அவதான் அவன்ர மனுசி, அவவைக் கேக்காமல் தான் தர ஏலாது எண்டா ஜூன். அதோட, லோறா இண்டைக்கு வாறா, கடைசி ஆட்டம் எண்டபடியால், நீங்களே கேளுங்கோ எண்டும் சொன்னா.

அதுதான் விசயம். நாலு வரியம் கதைக்காத பிள்ளையிட்டை நான் இண்டைக்கு இடைவேளையில போய்க் கை ஏந்த வேணும். இல்லையெண்டு சொன்னாளோ, திங்கக்கிழமை லொறி. இந்தா, இந்தப் பையிக்குள்ள ஐஸ்கிரீம் டப்பா கொண்டு வந்திருக்கிறன். எங்கட வீட்டில ஐஸ்கிரீம் டப்பாவுக்குள்ள ஐஸ்கிரீமை நான் ஒரு நாளும் கண்டதில்லை, இதுக்குள்ள மிளகாய்த்தூள் கிடந்தது. மூண்டு தரம் கழுவினனான், இன்னும் மணக்குது. பிள்ளைக்குக் கண் எரியுமோ எண்டு காலமை ஒருக்கா நினைச்சன். விசர்தானே. தை மாசம் கீரிமலைக்குப் போக பிளேன் டிக்கெட்டும் போட்டாச்சு. தவமலருக்குச் சொன்னனான். அவ, லோறாவோட நல்ல மாதிரிக் கதையுங்கோ எண்டு மட்டும் சொன்னவ.

உதில தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில, பச்சைக் கோட்டு. அதுதான். நீங்கள் பாக்காதையுங்கோ. மெலிஞ்சு போனாள் என்ன? வேற ஊரில இருக்கிறாளாம், தனியத்தானாம். எங்கட பக்கம் பாக்கிறாளோ? ... பாத்திட்டாள்.

றெஃப்ரி ஊதிப்போட்டான். தம்பி, இந்தப் பையை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ. நான் கேட்டிட்டு வாறன். கேட்டால் கேட்டதுதானே.

*

பாத்துக்கொண்டு இருந்தனீங்களோ, நன்றி தம்பி. பயந்திட்டன், நீங்கள் போயிருப்பியள் எண்டு. கன நேரம் நிண்டிட்டன் என்ன? ஆட்டம் முடியப் போகுதோ? ஆரும் கோல் போட்டவையோ? ரெண்டோ. எங்களுக்கோ? ஓ, அவங்களுக்கோ. சரி.

இல்லை, ஒண்டுமில்லை. குளிருக்குக் கண்ணால தண்ணி வரும் எனக்கு.

ஓம் எண்டிட்டாள். கேட்டு முடிக்க முதலே ஓம் எண்டிட்டாள். எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்கோ மாமா எண்டாள். மாமா எண்டுதான் கூப்பிட்டவள், அதை மறக்கேல்லை. எனக்குத் தேத்தண்ணி எடுத்துத் தந்தவள், சீனி போடாமல். எனக்குச் சீனி வருத்தம் வந்தது போன வரியம்தானே, இவளுக்கு ஆர் சொன்னது எண்டு நான் யோசிச்சுக்கொண்டு நிண்டன். அப்பதான் சொல்லுறாள். அவள் இங்கிலீசில சொன்னதை நான் தமிழில சொல்லுறன்.

"மாமா, நீங்கள் கீரிமலைக்குப் போக முதல் ஒண்டு தெரிய வேணும். இஞ்ச போட்டது பாதிதான். மற்றப் பாதியை நானும் மாமியும் கடலில கரைச்சிட்டம்."

எனக்கு விளங்கேல்லை. எந்த மாமி எண்டு கேட்டன். கேள்வியைப் பாருங்கோ, எந்த மாமி எண்டு.

நான் கதவைச் சாத்திக்கொண்டு போன அண்டைக்கே தவமலர் அவளின்ர கையைப் பிடிச்சு, என்ர பாதியை எனக்குத் தா பிள்ளை எண்டு கேட்டவவாம். அந்தியேட்டிக்கு முதல் நாள் ரெண்டு பேரும் ரெயின் ஏறிச் சவுத்எண்டுக் கடற்கரைக்குப் போயிருக்கினம். எனக்குக் கோபம் வந்திட்டுது தம்பி, பொய் சொல்லேல்லை. எங்கட ஆக்களில பொம்பிளையள் சுடலைக்கே போறேல்லை, இவை ரெண்டு பேரும் கடலில இறங்கிச் சாம்பல் கரைச்சவையாம். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது எண்டு கேட்டன். மாமி தேவாரம் பாடினவ எண்டாள். பாடிக்கொண்டே தண்ணிக்குள்ள போனவவாம்.

பிள்ளையைப் பங்கு போட்டிட்டியள் எண்டு சொன்னன். நாலு வரியமா வாய்க்குள்ள வைச்சிருந்த சொல்லு, அதுவா வந்திட்டுது. அவள் கோவிக்கேல்லை. என்ர முகத்தைப் பாத்துச் சொன்னாள்.

"பங்கு போட்டது நான் இல்லை மாமா. ரூ. அப்பாவுக்குக் கடல் வேணும், எனக்கு இந்த இடம் வேணும், பாதி பாதியாச் செய்யுங்கோ எண்டு எனக்கும் மாமிக்கும் சொன்னவர். அண்டைக்கு அதைச் சொல்லத்தான் வந்தனான். நீங்கள் கேக்கேல்லை."

பிறகு நான் ஒண்டு கேட்டன். இவ்வளவு காலமும் ஏன் தவமலர் எனக்குச் சொல்லேல்லை எண்டு. முதல் வரியம், நான் ஏசுவன் எண்டு பயமாம். சரி, ஏசியிருப்பன். பிறகு ஏன் சொல்லேல்லை? போன வரியம் இவள் கேட்டவளாம், இனியாவது மாமாவுக்குச் சொல்லுவமே எண்டு. வேண்டாம் எண்டவவாம் மாமி. "சொன்னால் அவர் சனிக்கிழமையில எங்க போவார்" எண்டு கேட்டவவாம்.

அப்பிடித்தான் கேட்டவவாம்.

மாசத்தில ஒருக்கா ரெண்டு பேரும் ரெலிபோனில கதைக்கிறவையாம். நான் இஞ்ச வந்து நிக்கிற நேரத்தில. நான் இந்தச் சனத்துக்கு நடுவில நிண்டு துப்பாதை எண்டு கத்திக்கொண்டு நிக்க, அங்க வீட்டில அவ இவளோட கதைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா.

இப்ப ஒண்டு ஞாபகம் வருது தம்பி. அந்தியேட்டிக்கு முதல் நாள் தவமலர் லண்டனில தங்கச்சி வீட்டை போறன் எண்டு வெளிக்கிட்டவ. பொழுதுபடத்தான் வந்தவ. வந்து மூண்டு நாள் காய்ச்சல், அந்தியேட்டியண்டும் போர்த்துக்கொண்டுதான் இருந்தவ. இந்தக் குளிருக்குள்ள உம்மை ஆர் திரியச் சொன்னது எண்டு நான் நல்லாய் ஏசினனான். உடுத்துக்கொண்டு போன சீலையை நான்தான் தோய்க்க எடுத்தனான். கரை முழுக்க வெள்ளையா உப்புப் பூத்துக் கிடந்தது. நான் என்ன நினைச்சன் தெரியுமோ? பனிக்கு வழுக்காமல் இவங்கள் றோட்டில உப்புக் கொட்டுறவங்கள்தானே, அதுக்குள்ள சீலையை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறா எண்டு நினைச்சன். அதுக்கும் ஏசினனான். சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நடக்கத் தெரியாதோ எண்டு. அவ போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தவ.

என்ர கையாலதான் அதைத் தோய்ச்சுக் காயப்போட்டனான்.

பாதி குடுத்தது, கடல் போனது, அதெல்லாம் சரி. ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை. அவன் தாயிட்டைச் சொல்லியிருக்கிறான், மனுசியிட்டைச் சொல்லியிருக்கிறான். எனக்கு ஏன் சொல்லேல்லை? மூண்டு பேரும் எப்ப இருந்து கதைச்சவை? நான் கஞ்சிக் கோப்பை கழுவப் போற அந்தக் கொஞ்ச நேரத்திலயோ? நான் வெளியால போகும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்திருப்பினமோ? ஒரு நாள் தவறாமல் போனனான் தம்பி நான். அவன்ர தலைமாட்டிலதான் இருந்தனான். கஞ்சி சூடு ஆற விட்டதில்லை.

உங்களிட்டைக் கேட்டு என்ன. சரி, உங்களுக்கு எப்பிடித் தெரியும். நீங்கள் அவனைக் கண்டதுமில்லை.

ஊதிப்போட்டான். முடிஞ்சுது. தோத்துப் போச்சினம், பாவங்கள். கை தட்டுங்கோ, தோத்தாலும் தட்டிறதுதான் இஞ்சத்தைப் பழக்கம். ஆ, டெறி வாறான் மண்வெட்டியோட. லோறாவும் கூட வாறாள். ஒரு நிமிசம் தம்பி, வீட்டுக்கு ஒருக்கா போன் எடுக்கிறன். அந்த டப்பாவை அவனிட்டைக் குடுங்கோ, இடம் அவனுக்குத் தெரியும். இல்லை, நான் போய்க் காட்டத் தேவையில்லை, அவள் நிப்பாள்தானே. நீங்கள் குடுத்திட்டு வாங்கோ. இல்லையெண்டால் இதில இருங்கோ, பரவாயில்லை. மறைச்சுக் கதைக்க என்ன இருக்கு.

இஞ்சேரும், நான்தான். ... ஓம், முடிஞ்சுது. ... தோத்துப்போச்சினம். ... ஓம், கண்டனான். ... கதைச்சனான். ... ஓம் எண்டவள். வெட்டிக்கொண்டிருக்கினம். ... இல்லை, ஏசேல்லை. ... இல்லையப்பா, ஏசேல்லை எண்டு சொல்லுறன்தானே. ... எல்லாம் சொன்னவள்.

... நிக்கிறீரோ? ... அழாதையும். நான் ஏசுறதுக்கு எடுக்கேல்லை. ஒண்டு கேக்கத்தான் எடுத்தனான். அண்டைக்குக் கடல் சரியான குளிரோ? ... எவ்வளவு தூரம் இறங்கினனீர்? ... இடுப்பளவோ? உமக்கு முழங்கால் ஏலாதே. ... ஆர் பிடிச்சது? ... ம். ... நல்லது. அவள் பிடிச்சது நல்லது.

இஞ்சேரும், வையாதையும். இன்னும் ஒண்டு. அவன் உம்மட்டை என்ன சொன்னவன்? ... ஓம், ஆஸ்பத்திரியில. ... இல்லை, நான் வீட்டை வந்தாப்பிறகு இல்லை, இப்பவே சொல்லும். என்ன சொன்னவன், எப்பிடித் தொடங்கினவன், எல்லாத்தையும் முதலில இருந்து சொல்லும். நான் குறுக்க ஒண்டும் கதைக்க மாட்டன்.